தானாகத் தளராத திருகாணி

1

இந்தக் கதை நானாக எழுத நினைத்தது அல்ல. அக்கா எழுதச் சொன்னாள். என் அக்கா மருந்துக்கடை வைத்திருக்கிறாள். தான் கொடுப்பதை அடுத்தவர் மறுபேச்சில்லாமல் விழுங்கிவிடுவார் என்ற நம்பிக்கை அவளுக்குத் தொழிலோடு வந்து ஒட்டிக்கொண்டது.

வெள்ளம் வந்த வருடம் அந்தக் கடையிலிருந்துதான் எங்கள் பகுதியின் தன்னார்வலர் குழு கிளம்பியது. சேறு அள்ளவும் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கவும் நனைந்த மெத்தைகளை மாடியேற்றவும் திமுதிமுவென்று ஆட்கள் வந்தார்கள். பிறகு சேறு காய்ந்தது. கூடவே ஆர்வமும் காய்ந்து

[வேண்டாம். வந்து உழைத்தவர்களைக் குத்திக்காட்டும் வாக்கியம். பாதியிலேயே விட்டுவிட்டேன்.]

பிறகு சேறு காய்ந்தது. அவரவருக்கு அவரவர் பிழைப்பு. இப்போது அடுத்த மழைக்காலம் பக்கத்தில் வந்துவிட்டது, குழுவில் ஆள் போதவில்லை.

"ஒரு கதை எழுதிக் குடுடா. அச்சடிச்சு ஒவ்வொரு மருந்துப் பையிலயும் போட்டுக் குடுக்கறேன். படிச்சா நாலு பேர் வந்து சேரணும்."

"கதையப் படிச்சிட்டு யாருக்கா வேலைக்கு வருவாங்க?"

"அப்ப நீ எதுக்குத்தான் எழுதற?"

இப்படிக் கேட்டால் நான் எழுத உட்கார்ந்துவிடுவேன் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே, தலைவலி மாத்திரையோடு இந்தத் தாளும் உங்கள் கைக்கு வந்திருந்தால் பழியை அக்கா மேல் போடுங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

இடுப்பளவு வெள்ளத்தில், தோளில் ஒரு குழந்தையைச் சுமந்தபடி, அலைகளைக் கிழித்துக்கொண்டு அந்த இளைஞன்

அக்கா வாசித்துவிட்டு, "யாருடா இது?" என்றாள்.

"கற்பனைக்கா."

"நம்ம குழுவுல பாதிப் பேருக்கு மூட்டுவலி. நான்தான் மாத்திரை குடுக்கறேன். இவன் எங்கேருந்து வந்தான்?"

இளைஞனைக் குழந்தையோடு சேர்த்து வெள்ளத்திலேயே விட்டுவிட்டேன். குழந்தையை மட்டுமாவது கரை சேர்த்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாவது தொடக்கம்:

பிறருக்கு உதவும் பண்பு மனித குலத்தின் தலைசிறந்த பண்புகளுள்

இதை எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. படிக்கிறவர் கதி என்னவாகும் என்று யோசித்து நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாவது தொடக்கம் அக்காவின் வாய் தவறி வந்தது. கல்லாவுக்குப் பின்னால் நின்று இருமல் மருந்துக் குப்பிகளை அடுக்கிக்கொண்டே, "அந்த ரெண்டு பேரு போன் பண்ணிக்கற கூத்தை எழுதினாலே போதும், கதை தானா வந்துரும்," என்றாள். அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, அத மட்டும் எழுதிராத."

எழுதுகிறவனிடம் சொல்லக்கூடாத சொல் அது. கடைக்குள் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். விஷயம் முழுவதையும் கறந்த பிறகுதான் எழுந்தேன்.

3

விஷயம் இதுதான்.

வெள்ளம் வடிந்து வீடுகள் கழுவப்பட்ட பிறகு, அக்காவுக்கு வேறு ஒரு கஷ்டம் கண்ணில் பட்டது. தனியாக இருப்பவர்கள் வெளியே வருவதில்லை. மருந்து வாங்கக்கூட ஆள் அனுப்பினார்கள். அதனால் தொலைபேசி வேலை என்று ஒன்றைத் தொடங்கினாள். தன்னார்வலர் ஒருவர், தனியாக இருக்கும் ஒருவரைத் தினமும் ஒருமுறை கூப்பிட்டுப் பேச வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அக்காவின் நிர்வாகம் மருந்துக்கடை நிர்வாகம். மாத்திரை போட்டுத் தரும் சின்னக் காகித உறைகளில் பெயரையும் எண்ணையும் எழுதி, கூப்பிட விரும்புகிறவர்களை ஒரு கட்டாகவும், கூப்பிடப்பட வேண்டியவர்களை இன்னொரு கட்டாகவும் ரப்பர் வளையம் போட்டு வைத்தாள். பிறகு இந்தக் கட்டிலிருந்து ஒன்று, அந்தக் கட்டிலிருந்து ஒன்று என்று ஜோடி சேர்த்தாள்.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அம்மா, தன்னார்வலர் கட்டில் தானாகவே பெயர் கொடுத்தார். கடைக்குள் தண்ணீர் புகுந்து, சட்டங்களும் கண்ணாடிகளும் சேற்றோடு போயிருந்தன. ஷட்டரை இழுத்து மூடிவிட்டு, கடைக்குப் பின்னால் உள்ள அறையில் முடங்கிக் கிடந்தார். ஆனாலும் "நான் நல்லாத்தான் இருக்கேன். யாராவது கஷ்டப்படறவங்க இருந்தா சொல்லுங்க, நான் பேசறேன்," என்று அக்காவிடம் சொன்னார். இது நடந்த அதே வாரத்தில் பக்கத்துத் தையற்கடைக்காரர் வந்து, "அந்தம்மா சரியா சாப்பிடறதே இல்லைங்க. யாரையாவது பேசச் சொல்லுங்க," என்று அவர் பெயரை மற்ற கட்டிலும் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த தெருவில், இரண்டாவது மாடியில், கிரேன்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். வெள்ளத்தின்போது படிக்கட்டின் அடியில் கறுப்பாகத் தேங்கி நின்ற தண்ணீரை நாள்கணக்கில் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர். தண்ணீர் வடிந்த பிறகும் அவர் இறங்கவில்லை. மளிகை வேண்டுமென்றால் பால்கனியிலிருந்து கயிற்றில் வாளியை இறக்குவார். ஒரு முட்டைகூட விரிசல் விடாமல் மேலே போகும். "என்னால எங்கயும் வர முடியாது. ஆனா போன்ல பேச முடியும்," என்று அவரும் தன்னார்வலராகச் சேர்ந்தார். வெளியூரிலிருந்த அவர் மகளோ அக்காவைக் கூப்பிட்டு, "அப்பா கீழயே இறங்க மாட்டேங்கறாரு ஆன்ட்டி," என்று அழுதாள். அவர் பெயரும் மற்ற கட்டுக்குப் போனது.

இரண்டு கட்டிலும் இரண்டு பேரும். அக்கா இருவரையும் இரண்டு தடவை ஜோடி சேர்த்துவிட்டாள். முதல் தடவை அவருக்கு இவர், இரண்டாம் தடவை இவருக்கு அவர்.

(எப்படிக்கா கவனிக்காமப் போன என்று கேட்டேன். "கடையில கூட்டம்டா," என்றாள். உலகத்தின் பாதி நல்ல காரியங்களுக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.)

கண்ணாடிக் கடைக்காரம்மா தினமும் காலையில் கிரேன்காரரைக் கூப்பிட்டார். கிரேன்காரர் தினமும் மாலையில் கடைக்காரம்மாவைக் கூப்பிட்டார்.

ஒரு வாரம் கழித்துக் கடைக்காரம்மா அக்காவிடம் சொன்னது: "பாவம்மா அந்த மனுஷன். நான் காலையில பேசறது பத்தல போல. சாயங்காலம் அவரே கூப்பிட்டுர்றாரு."

அதே வாரம் கிரேன்காரர் சொன்னது: "அந்தம்மாவுக்குப் பேச ஆளே இல்லைங்க. நான் சாயங்காலம் கூப்பிடற வரைக்கும் பொறுக்க மாட்டாம காலையிலயே கூப்பிட்டுர்றாங்க."

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே சரிசெய்யவில்லையா என்று கேட்டேன். "வேலை செய்யற மருந்தை எவனாவது மாத்துவானா?" என்றாள்.

4

இந்த இடத்தில் கிரேன்காரர் மேல் எனக்கு ஒரு சந்தேகம். நான் எழுதி வரும் கிரேன்காரர் கொஞ்சம் அதிகமாகவே நல்லவராக இருக்கிறார். உண்மையான கிரேன்காரர் சிடுசிடுப்பு. பேசி முடித்ததும் வைக்கிறேன் என்று சொல்லாமல் பொத்தென்று வைத்துவிடுவார். வாழ்நாள் முழுக்க உயரத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து வேலை பார்த்த மனிதருக்கு விடைபெறும் வழக்கம் எங்கிருந்து வரும்? முதல் நாள் கடைக்காரம்மாவிடம் அவர் கேட்டது, "சாப்டீங்களா?" அந்தம்மா "சாப்ட்டேன்" என்றதும், "சரி," என்று வைத்துவிட்டார். தன் கடமையை முடித்துவிட்ட திருப்தி அவருக்கு.

கடைக்காரம்மா நேர் எதிர். வாயைத் திறந்தால் மூடமாட்டார். காலைப் பேச்சு முழுவதும் அவருடையது, மாலைப் பேச்சு முழுவதும் அவருடையது. நடுநடுவே மேலிருந்து ஒரு "ம்".

அக்கா தன்னார்வலர்களுக்குச் சொல்லிவைத்த விதி ஒன்றுதான். "யாருக்கும் புத்தி சொல்லாதீங்க. தைரியமா இருங்கன்னும் சொல்லாதீங்க. அவங்ககிட்ட சின்னதா ஒரு உதவி கேளுங்க. நம்மால ஒரு வேலை ஆகுதுன்னு தெரிஞ்சா மனுஷன் எழுந்து உக்காருவான்."*

* இதை எழுதும்போது பேனா நின்றுவிட்டது. நான் கொஞ்ச காலமாக ஒன்றும் எழுதாமல், வெளியேயும் போகாமல் இருந்தேன். அப்போதுதான் அக்கா வந்து சின்னதாக ஒரு கதை கேட்டாள். போன் போட்டுக் கேட்டுவிட்டேன். "அக்கா, நான் எந்தக் கட்டுல இருக்கேன்?" "கடையில கூட்டம்டா," என்று வைத்துவிட்டாள்.

5

இரண்டு பேருமே விதியைக் கடைப்பிடிக்கிற ஆட்கள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

கிரேன்காரர் யோசித்தார். மூடின கடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் என்ன உதவி கேட்பது? தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பழக்கத்தி முனையால் அதன் காதுப்பக்கத் திருகாணியைத் தளர்த்தினார். மளிகைக்கடை சைக்கிள்காரர் வந்தபோது காலி வாளியில் கண்ணாடியை வைத்து, கடைக்காரம்மாவிடம் கொடுக்கச் சொல்லிக் கீழே இறக்கினார். மாலையில், "கண்ணாடி கழண்டுபோச்சு. கொஞ்சம் பாத்துக் குடுங்க," என்றார்.

கடைக்காரம்மாவுக்கு வேறு வழியில்லை. சின்னத் திருப்புளி கடைக்குள் மேஜை இழுப்பறையில் இருந்தது. அறைக்கும் கடைக்கும் நடுவிலிருந்த கதவு வெள்ளத்தில் ஊறி உப்பித் திறக்காமல் போயிருந்தது. ஷட்டரைத் தூக்கித்தான் உள்ளே போக வேண்டும். கழுவிப் பூட்டிய நாளுக்குப் பிறகு முதல் முறையாகத் தூக்கினார். ஈர வாடை அடித்தது. விளக்கைப் போட்டு, காலி அலமாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு திருகாணியை முடுக்கினார். முடுக்கி முடித்ததும் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். கூடவே கொஞ்சம் அழுதிருக்கிறார்.

பிறகு அவருக்கும் விதி நினைவுக்கு வந்தது. மாடியை விட்டு இறங்காத மனிதரிடம் என்ன உதவி கேட்பது? கண்ணாடியை உள்ளேயே வைத்துவிட்டு ஷட்டரை இறக்கினார். ஷட்டர் ஓடும் பக்கவாட்டுத் தடத்தில் ஒரு மரத்துண்டைச் செருகினார். மறுநாள் காலை, "ஐயா, ஷட்டர் சிக்கிக்கிச்சு. உங்க கண்ணாடி உள்ள மாட்டிக்கிச்சு. நீங்க எவ்வளவு பெரிய இயந்திரமெல்லாம் ஓட்டினவரு, வந்து ஒரு கை பாருங்களேன்," என்றார்.

அன்றைக்குக் கிரேன்காரர் இறங்கினார்.

எப்படி இறங்கினார் என்பதற்கு இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். மனப்போராட்டம், வியர்வை, கைப்பிடிச் சுவர், எல்லாம் இருந்தது. பிறகு அவரையே கேட்டேன். அவர் சொன்னது: "கண்ணாடி இல்லையே. அடிப்படி மங்கலாத் தெரிஞ்சுச்சு. தண்ணி இருக்கா இல்லையான்னே தெரியல. தெரியாததால இறங்கிட்டேன்." இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை கண்ணாடியின் திருகாணி தளர்ந்தது. ஷட்டரும் விடாமல் சிக்கியது. கடைக்காரம்மா மொத்த வியாபாரியிடம் புதுச் சட்டங்கள் கடனுக்குக் கேட்டு அடுக்கினார். ஷட்டர் சரிசெய்ய வருகிறவர் சும்மா நிற்கக்கூடாதென்று கடைக்கு வெளியே ஒரு நாற்காலி வந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று விசாரித்தார்கள். கடை திறந்திருப்பது ஊருக்குத் தெரிந்தது.

6

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் அச்சடித்தால் இருவரும் படிப்பார்கள். இருவருமே அக்கா கடையில்தான் மருந்து வாங்குகிறார்கள். தன்னார்வலர் என்று நிமிர்ந்து நடக்கிற மனிதரிடம், "உங்களையும் நாங்க உதவி தேவைப்படறவங்க கட்டுலதான் வச்சிருந்தோம்," என்று ஒரு காகிதம் சொன்னால் என்ன ஆகும்? அக்காவுக்கு அதில்தான் பயம். "அவரு திரும்ப மாடிக்குப் போயிருவாருடா. அந்தம்மா ஷட்டரை இறக்கிரும். உன் கதைக்காக ரெண்டு பேரை நான் இழக்க மாட்டேன்."

அதனால் பாதுகாப்பான முடிவுகள் சிலவற்றை முயன்று பார்த்தேன்.

முடிவு அ: உண்மை தெரிந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். (கிரேன்காரர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. நம்பமாட்டார்கள்.)

முடிவு ஆ: இருவருக்கும் திருமணம். அக்கா தாளைத் திருப்பித் தந்தாள். "ரெண்டு பேரு போன்ல பேசினாலே தாலி எடுத்துட்டு வந்துர்றதா? வேற சோலியே இல்லையா உங்களுக்கு?" 'உங்களுக்கு' என்றது எழுத்தாளர்கள் எல்லோரையும்.

முடிவு இ: இருவரும் ஊரை விட்டு, தத்தம்

முடிவு இ வேண்டாம்.

7

கடைசியில் அக்காவுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தேன். இதுவரை நீங்கள் படித்ததை எடுத்துக்கொண்டு கடைக்காரம்மாவிடம் போனேன். மறைத்து வைத்துப் பின்னால் மாட்டுவதைவிட முதலிலேயே திட்டு வாங்கிவிடலாம் என்று தோன்றியது.

அவர் பொறுமையாகப் படித்தார். மூன்றாம் பகுதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்து முடிவு ஆ வரைக்கும் போய், "சே," என்றார்.

"தையக்காரரு சொன்னாராக்கும். பரவால்ல, நல்ல மனுஷன்," என்றார். பிறகு, "திருகாணி விஷயம் எனக்கு முதல் நாளே தெரியும் தம்பி. தானா லூசாகிற ஸ்க்ரூ கொஞ்சங்கொஞ்சமா ஆகும். இது தலையில புதுக் கீறலோட வருது. கத்தியால திருகியிருக்காரு. எத்தனை வருஷமா இந்தத் தொழில் பண்றேன், எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏம்மா ஒண்ணும் கேக்கல?"

"கடைப்பக்கம் வர அவருக்கு ஒரு சாக்கு வேணும். பாவம், தனி ஆளு. நான் கண்டுபிடிச்சிட்டேன்னு தெரிஞ்சா வெக்கப்பட்டு வராம இருந்துருவாரு. நீ கதையப் போடு. ஆனா ஆளை மாத்தி எழுது, அவருக்குத் தெரியக்கூடாது."

அங்கிருந்து நேராக இரண்டாவது மாடிக்குப் போனேன். கிரேன்காரர் தாளை எட்டப் பிடித்துப் படித்தார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. முடித்ததும் என்னிடம் நீட்டினார்.

"மகதான் சொன்னாளா?"

"ஆமாங்க."

"ம்," என்றார். "அந்த மரத்துண்டு ரம்பத்தால அளவா அறுத்தது. தானா வந்து விழற கட்டை அறுத்துக்கிட்டா விழும்? அந்தம்மாவுக்குப் பேச ஆள் வேணும், கேக்கக் கூச்சம், அவ்வளவுதான். நானும் ஒவ்வொரு தடவையும் எடுத்துப் போட்டுட்டு, சரியாயிருச்சும்மான்னு சொல்லிட்டு வந்துருவேன். தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா அந்தம்மா மனசு கஷ்டப்படும். எழுதுங்க, ஆனா ஆளை மாத்திருங்க."

சொல்லிவிட்டுக் கதவைப் பொத்தென்று சாத்தினார்.

இரண்டு பேருமே தாங்கள் உதவி பெற்றவர்கள் என்று படித்தார்கள். இரண்டு பேருக்கும் அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. அடுத்தவருக்குத் தெரிந்துவிடக்கூடாதே என்பதுதான் கவலை. நானும் அக்காவும் வீணாகப் பயந்திருக்கிறோம். படியிறங்கும்போது எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அது மட்டும் என் கற்பனை அல்ல.

ஆகவே, கேட்டுக்கொண்டபடி ஆளை மாற்றிவிட்டேன். அவர் ஓட்டியது கிரேன் அல்ல. அந்த அம்மா விற்பது மூக்குக்கண்ணாடி அல்ல. தளர்ந்தது திருகாணியும் அல்ல. ஆனால் யாரோ ஒருவர் வேண்டுமென்றே எதையோ தளர்த்தினார், இன்னொருவர் தெரிந்தே முடுக்கிக் கொடுத்தார். அது நடந்தது.

8

முடிவு இன்னும் வரவில்லை. அதனால் இந்தப் பகுதியை மட்டும் முழுக்க நானே கட்டுகிறேன்.

மழை பெய்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு முதல் பெரிய மழை. பிற்பகல்தான், ஆனால் வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. கடைக்காரம்மாவுக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் மாடியில் இருக்கும் மனிதர். கிரேன்காரருக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் தரைமட்டக் கடையில் இருக்கும் அம்மா. காலைக்கும் மாலைக்கும் காத்திராமல் இருவரும் அந்த நொடியே போனை எடுத்துக் கூப்பிடுகிறார்கள். இரண்டு பக்கமும் பிஸி. மறுபடியும் கூப்பிடுகிறார்கள். மறுபடியும் பிஸி. அவர் வேறு யாரிடம் இவ்வளவு நேரம் பேசப்போகிறார், என்னமோ ஆகிவிட்டது என்று இருவருமே முடிவுகட்டுகிறார்கள்.

கடைக்காரம்மா போனை நனையாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி இழுப்பறையில் வைத்துவிட்டு, ஷட்டரைப் பூட்டிக் கிளம்புகிறார். மேலே கூரை போட்ட நடைபாதை இருப்பதால் வங்கிப் பக்கமாகப் போகிறார்.

கிரேன்காரர் படிக்கட்டின் தலைப்பில் நிற்கிறார். இன்றைக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார், எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. கீழ்ப்படியில் உண்மையாகவே தண்ணீர் ஏறியிருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குகிறார். அவசரத்தில் போன் மேஜை மேலேயே கிடக்கிறது. மேடான வழி என்று பள்ளிக்கூடச் சுவர் ஓரமாகப் போகிறார்.

அதனால் வழியில் சந்திக்கவில்லை.

இப்போது கிரேன்காரர் பூட்டிய ஷட்டரைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். உள்ளே சத்தம் இல்லை, விளக்கும் இல்லை. கடைக்காரம்மா இரண்டாவது மாடியில் தானாகப் பூட்டிக்கொண்ட கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். உள்ளே பதில் இல்லை. இருவருமே திரும்பி ஓடலாமா என்று யோசிக்கிறார்கள். ஓடினால் மறுபடியும் அதே இரண்டு வழி.

ஒரே ஒரு ஆள் போய், "அவங்க அங்க நிக்கறாங்க, நல்லாத்தான் இருக்காங்க," என்று சொன்னால் போதும். நான் போகலாம்தான், ஆனால் என் கையில் பேனா இருக்கிறது. அக்கா கடையில் கூட்டம். தையற்கடைக்காரர் மழைக்கு முன்பே கடையைச் சாத்திவிட்டார். இந்தத் தெருக்களில் வேறு யாரையும் நான் படைக்கவில்லை. வேண்டுமென்றேதான் படைக்கவில்லை.

ஒருவர் இன்னொருவர் வாசலுக்கு எதற்காக வந்தார் என்று நீங்கள் விளக்க வேண்டியதில்லை. சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உங்கள் இஷ்டம். மாடிக்கு முதலில் போவதா, கடைக்கு முதலில் போவதா என்பதையும் நான் சொல்லப்போவதில்லை. இரண்டும் நடக்கிற தூரம்தான்.

செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் கணுக்கால் வரைக்கும்தான் இருக்கிறது.